சக்கரத்தின் அகலமும் சாலையின் ஈரமும்

மோட்டார் வண்டியின் வரலாற்றில் 1888ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டில்தான் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ரிட்லி என்னும் தாவர நூலறிஞர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இலண்டனையடுத்த கியூ தோட்டத்திலிருந்து 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. மரத்தை மாய்க்காமல் நாள்தோறும் பாலெடுக்கும் வெட்டு முறையை ரிட்லி இங்கே ஆராய்ந்து வகுத்தார். டன்லப்பின் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. ரிட்லியின் முறை அதைப் பெருக்கித் தந்தது. இவ்விரண்டிற்கும் நடுவே மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிய பல்லாயிரம் தமிழர்களின் உழைப்பு இருக்கிறது. ஆகவே டயரைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு அந்நியமான பொருளன்று.

இன்று சிராங்கூன் ரோட்டில் மாலை வேளையில் நின்று பார்த்தால், கார்களின் சக்கரங்கள் மேன்மேலும் அகன்று வருவதைக் காணலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த டயரைக் கழற்றிவிட்டு, அகன்ற ஸ்போர்ட்ஸ் ரிம்மும் அதற்கேற்ற தட்டையான டயரும் பூட்டிக்கொள்வது இளைஞரிடையே வழக்கமாகிவிட்டது. அழகுக்காகச் செய்வோர் பலர். ஓய்வு நாட்களில் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்வதற்காகச் செய்வோர் சிலர். இரு சாராரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: டயர் அகன்றால் பிடிப்பு மிகும் என்பது. இக்கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது? ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் மழை பெய்யும் இந்தத் தீவில் அது எந்த அளவுக்குப் பொருந்தும்? உயிரும் பணமும் சம்பந்தப்பட்ட கேள்வியாதலால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தொடுபரப்பு என்பது என்ன?

ஆயிரத்து இருநூறு கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் நான்கு சக்கரங்களின் மேல் நிற்கிறது. எடை சமமாகப் பகிரப்பட்டால் ஒவ்வொரு சக்கரமும் 300 கிலோகிராம் தாங்குகிறது. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்று கொள்வோம். இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோகிராம் ஆகும். எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு 133 சதுர சென்டிமீட்டர் என்று விடை வரும். ஓர் ஆளின் உள்ளங்கை அளவுதான் அது. நாற்சக்கரமும் சேர்ந்து நான்கு கையளவு ரப்பரின் மேல்தான் ஒரு குடும்பமே பயணம் செய்கிறது.

இக்கணக்கில் டயரின் அகலம் எங்கும் வரவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். எடையும் காற்றழுத்தமும் மாறாதிருந்தால் தொடுபரப்பின் அளவும் பெரிதாக மாறுவதில்லை. டயரின் பக்கச்சுவர் தன் விறைப்பினால் சிறிது எடையைத் தாங்குவதால் கணக்கு நூலிழை பிசகாமல் பொருந்தாது என்றாலும், அடிப்படை இதுவே. அகலம் மாற்றுவது பரப்பின் அளவை அன்று, அதன் வடிவத்தை. 165 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் 133 சதுர சென்டிமீட்டரை அடைய 8 சென்டிமீட்டர் நீளம் தரையில் படிகிறது. 225 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரோ 6 சென்டிமீட்டர் நீளம் படிந்தாலே போதும். முன்னது ஓரளவு சதுரத்தை நோக்கிய வடிவம். பின்னது குறுக்காகக் கிடக்கும் பட்டை. டயரின் மீது பொறித்த அகலம் அதன் பக்கச்சுவர்களுக்கிடைப்பட்ட அகலமேயாதலால் தரையில் படியும் அகலம் இதைவிடச் சற்றுக் குறையும். ஒப்பீட்டுக்கு அது தடையாகாது.

அப்படியானால் பந்தயக் கார்களின் டயர்கள் ஏன் அவ்வளவு அகலமாக இருக்கின்றன என்று கேட்கலாம். காரணங்கள் மூன்று.

முதலாவது, ரப்பரின் இயல்பு. பள்ளியில் படித்த உராய்வு விதிப்படி உராய்வு விசை எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். ரப்பர் இந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. ஒரே இடத்தில் அழுத்தம் மிக மிக, அதன் உராய்வுக் கெழு குறைகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரங்களின் மேல் பாரம் ஏறுகிறது. அப்போது அகன்ற டயர் அந்தப் பாரத்தைப் பரவலாகத் தாங்குவதால் பிடிப்பை அவ்வளவாக இழப்பதில்லை.

இரண்டாவது, வளைவில் டயர் உருக்குலையும் விதம். திரும்பும் சக்கரத்தின் ரப்பர், அது நோக்கும் திசைக்கும் அது செல்லும் திசைக்கும் இடையே சிறிது முறுக்கப்படுகிறது. நீண்டு குறுகிய தொடுபரப்பில் பின்பகுதி விரைவில் வழுக்கத் தொடங்கும். அகன்று குறுகிய நீளமுள்ள பரப்பில் ரப்பரின் பெரும்பகுதி தரையைப் பற்றியபடியே இருக்கும். அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி உடனே மறுமொழி தருகிறது.

மூன்றாவது, வெப்பம். பந்தயத்தில் ரப்பர் சூடேறித் தேய்கிறது. அகன்ற டயரில் ரப்பர் மிகுதியாயிருப்பதால் வெப்பமும் தேய்மானமும் பகிரப்படுகின்றன. அதனால் மென்மையான ரப்பரைப் பயன்படுத்த இயலுகிறது. பந்தய டயரின் பிடிப்பில் பெரும்பங்கு இந்த மென்மையினால் வருவதேயாகும். கடினமான ரப்பரால் ஆன மலிவான அகன்ற டயரைக் காட்டிலும், நல்ல மென்ரப்பரால் ஆன நடுத்தர அகல டயர் உலர்ந்த சாலையிலும் மேலாகப் பிடிக்கக் கூடும்.

மழை வந்தால்

இதுவரை சொன்னவை உலர்ந்த தரைக்கு. சிங்கப்பூரிலோ ஆண்டின் மழையளவு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. இடைப்பட்ட மாதங்களில் விடியற்காலையில் திடீரென்று வந்து கொட்டிவிட்டுப் போகும் சுமாத்திராக் காற்று. சில நிமிடங்களிலேயே சாலை நீர்ப்படலமாகிவிடும்.

ஈரச் சாலையில் டயருக்கு வேறொரு வேலை வந்து சேர்கிறது. தன் முன்னால் கிடக்கும் நீரை விலக்கிவிட்டுத்தான் அது தரையைத் தொட வேண்டும். நீர் விலக நேரமில்லையென்றால் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அந்நிலையில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றவையாகின்றன. வழுக்குவது வேறு, மிதப்பது வேறு. வழுக்கும் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மிதக்கும் டயருக்குத் தரையோடு தொடர்பே இல்லை.

இதனை முறையாக ஆராய்ந்தவர்களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வால்டர் ஹோர்ன் குறிப்பிடத்தக்கவர். விமான ஓடுபாதைகளை வைத்து அவர் 1963இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு எளிமையானது: டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பவுண்டுக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 32 பவுண்டுக்கு 94 கிலோமீட்டர் வருகிறது. 24 பவுண்டாகக் குறைந்தால் 82 கிலோமீட்டர்தான். இது மொட்டை டயருக்கும், வரிப்பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சிய நீருக்கும் உரிய கணக்கு. நமது விரைவுச்சாலைகளில் பலவற்றின் வேக வரம்பு மணிக்கு 80 அல்லது 90 கிலோமீட்டர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தை மீறாமல் ஓட்டுபவரும், தேய்ந்த டயரோடும் குறைந்த காற்றோடும் சென்றால், மிதக்கும் எல்லைக்கு உள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அகலத்தின் பங்கு இதன் பிறகு வருகிறது. தொடுபரப்பின் நீள அகல விகிதமும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எளிய கணக்கொன்று போட்டால் இது விளங்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். சாலையில் 2 மில்லிமீட்டர் ஆழம் நீர் நிற்பதாகக் கொள்வோம். 165 மில்லிமீட்டர் டயர் ஒரு நொடியில் விலக்க வேண்டிய நீர் 8 லிட்டருக்குச் சற்று மேல். 225 மில்லிமீட்டர் டயருக்கு அது 11 லிட்டருக்கு மேலாகிறது. வேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. அதைச் செய்து முடிக்கக் கிடைக்கும் நேரமோ குறைந்துவிட்டது. 8 சென்டிமீட்டர் நீளத் தொடுபரப்பு ஒரு புள்ளியைக் கடக்க ஆயிரத்தில் 3.2 நொடி ஆகிறது. 6 சென்டிமீட்டர் நீளமானால் 2.4 நொடியே. நடுவிலிருக்கும் நீர் ஓரத்துக்கு ஓட வேண்டிய தூரமும் அகன்ற டயரில் அதிகம். இந்த மூன்று பாதகங்களையும் ஈடுசெய்வது வரிப்பள்ளம் ஒன்றே. புதிய டயரில் அதன் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். சட்டம் பொறுத்துக்கொள்ளும் குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். அகன்ற டயர் பூட்டியவர் அந்தக் கடைசி எல்லை வரை காத்திராமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது அறிவுடைமை.

தாம்சன் சாலை தரும் பாடம்

பந்தயமும் மழையும் மோதிய கதை நம் ஊரிலேயே உண்டு. அப்பர் தாம்சன் சாலையையும் பழைய அப்பர் தாம்சன் சாலையையும் இணைத்து, ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றில் 1961இல் முதன்முதலாகக் கிராண்ட் பிரீ பந்தயம் நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அது மலேசியக் கிராண்ட் பிரீ என்றும், நாடு விடுதலையடைந்த பின் 1966 முதல் சிங்கப்பூர்க் கிராண்ட் பிரீ என்றும் பெயர் பெற்றது. 1962இல் சான் லை சூன் என்னும் உள்ளூர் வீரர் லோட்டஸ் காரில் வென்றார். ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் 1963இலும் 1965இலும் வென்றார். இடைப்பட்ட 1964ஆம் ஆண்டுக்கு வெற்றியாளர் பெயர் இல்லை. கடும் மழையினால் பந்தயம் சில சுற்றுகளிலேயே கைவிடப்பட்டதே காரணம்.

அது அன்றாடம் பேருந்துகள் ஓடும் சாதாரணச் சாலை. ஓரத்தில் விளக்குக் கம்பமும் வடிகாலும் மரங்களும் இருந்தன. பாம்புபோல் நெளிந்த வளைவுகளும் 'பேயின் வளைவு' என்று பெயர் பெற்ற திருப்பமும் வீரர்களை அச்சுறுத்தின. பந்தயம் நடந்த ஆண்டுகளில் உயிர்கள் பலியாயின. 1973ஆம் ஆண்டோடு அது நிறுத்தப்பட்டது. பழைய சாலையின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அவ்வழியே நிதானமாகச் செல்பவர் அந்த வளைவுகளைக் கண்ணாரக் காணலாம்.

அந்த நாளில் சாதாரணக் கார்களுக்கான போட்டிகளில் மினி என்னும் சிறு வண்டி பேர்பெற்றிருந்தது. அதன் சக்கரம் 10 அங்குல விட்டமே உடையது. தொழிற்சாலையில் பூட்டிய ரிம்மின் அகலம் மூன்றரை அங்குலம். பந்தயத்துக்கு நான்கரை, ஐந்து, ஆறு அங்குல ரிம்கள் வரை போட்டுப் பார்த்தார்கள். எடை குறைந்த அந்த வண்டி தன்னைவிடப் பலமடங்கு ஆற்றல் வாய்ந்த வண்டிகளை வளைவுகளில் விரட்டியதற்குக் காரணம் டயரின் அகலம் மட்டுமன்று. எடைக்கும் அகலத்துக்கும் இருந்த பொருத்தமே.

இன்று மரினா பே சாலைகளில் 2008 முதல் இரவில் நடக்கும் பார்முலா 1 பந்தயத்திலும் இதே பாடம் தொடர்கிறது. அப்பந்தயக் கார்களின் முன் டயர் 2017இல் 245 மில்லிமீட்டரிலிருந்து 305 ஆகவும், பின் டயர் 325இலிருந்து 405 ஆகவும் அகலமாக்கப்பட்டன. 2026ஆம் ஆண்டு விதிகளிலோ முன் டயர் 25 மில்லிமீட்டரும் பின் டயர் 30 மில்லிமீட்டரும் குறைக்கப்பட்டன. எடையையும் காற்றுத் தடையையும் குறைக்கவே இந்த மாற்றம். உலகின் தலைசிறந்த பொறியாளர்களும் அகலத்தை ஏற்றிக்கொண்டே போகவில்லை. மழை பெய்தால் அவர்கள் வரிப்பள்ளமற்ற டயரைக் கழற்றிவிட்டு, ஆழ்ந்த பள்ளமுள்ள வேறு டயரை மாட்டுகிறார்கள். சாலையில் செல்லும் நமக்கு அந்த வசதியில்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர்தான்.

தமிழர் ஒருவரின் பெயரோடு பிணைந்த நிகழ்ச்சி ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த பந்தயத்தில், சாய்தளமாக அமைந்த பதின்மூன்றாவது வளைவின் பாரத்தை ஒரு நிறுவனத்தின் டயர்கள் தாங்கவில்லை என்று பயிற்சியின்போதே தெரிந்தது. அந்த டயர்களைப் பூட்டிய 14 கார்களும் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. மற்றொரு நிறுவனத்தின் டயர்களில் ஓடிய ஆறு கார்களே பந்தயத்தில் நின்றன. கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். விலகிய கார்கள் வேகத்தில் குறைந்தவையல்ல. அந்த இடத்தின் பாரத்துக்கு அவற்றின் டயர் பொருந்தவில்லை, அவ்வளவே.

டயரின் மேல் எழுதியிருப்பது

இனி நடைமுறைக்கு வருவோம். டயரின் பக்கச்சுவரில் 195/65 ஆர் 15 91 எச் என்பது போன்ற எழுத்து பொறித்திருக்கும். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்பது. ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பு. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 91 என்பது பாரக் குறி; அது ஒரு டயருக்கு 615 கிலோகிராமைக் குறிக்கும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகுதி என்பதைக் காட்டும்.

டயரை மாற்றும்போது மொத்த விட்டம் மாறாமல் பார்ப்பது முதல் விதி. மேற்சொன்ன டயரின் விட்டம் 634 மில்லிமீட்டர். 205/55 ஆர் 16 என்பதற்கு 632. 225/45 ஆர் 17 என்பதற்கு 634. 225/40 ஆர் 18 என்பதற்கு 637. ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச்சுவர் தாழ்வதால் விட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இதைக் கவனியாமல் 215/65 ஆர் 15 போட்டால் விட்டம் 660 ஆகிவிடும். வேகமானி 90 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 94இல் போய்க்கொண்டிருக்கும். அபராதச் சீட்டு வந்தபின் டயர்க் கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை.

இரண்டாவது விதி ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயருக்கும் பொருந்தும் ரிம் அகலத்துக்கு ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு. 195/65 ஆர் 15க்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை. 205/55 ஆர் 16க்கு ஐந்தரை முதல் ஏழரை வரை. 225/45 ஆர் 17க்கு ஏழு முதல் எட்டரை வரை. ரிம் குறுகினால் டயர் பலூன்போல் உப்பி, வளைவில் பக்கவாட்டில் சாயும். தரையில் படிவதும் நடுப்பகுதியே. ரிம் மிக அகன்றால் பக்கச்சுவர் வெளிநோக்கி இழுபட்டு, குழியில் விழும்போது ரிம்மே அடிபடும். ரிம்மை அரை அங்குலம் அகலமாக்கினால் டயரின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடும் என்பது வழக்கமான கணக்கு. புதிய டயர் வாங்கப் பணமில்லாத பந்தய ஆர்வலர் ஒருவர், அதே டயரை எல்லைக்குட்பட்ட சற்று அகன்ற ரிம்மில் மாட்டினாலே வளைவுகளில் வண்டி உறுதிப்படுவதை உணர்வார்.

மூன்றாவது ஆப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரமே அது. ஆறரை அங்குல ரிம்மைக் கழற்றி, அதே ஆப்செட்டில் ஏழரை அங்குல ரிம் பூட்டினால் உள்ளே 13 மில்லிமீட்டரும் வெளியே 13 மில்லிமீட்டரும் நீளும். உள்ளே அது சஸ்பென்ஷன் கம்பத்தில் உரசலாம். வெளியே மட்கார்டைத் தாண்டி நீட்டலாம். சக்கரம் வண்டியின் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதைச் சிங்கப்பூர் விதி அனுமதிப்பதில்லை. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, வண்டியில் ஐவர் அமர்ந்த நிலையிலும் உரசுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

நான்காவது பாரக் குறி. தட்டையான 225/40 ஆர் 18 டயர்களில் சில 88 என்னும் குறியுடையவை. 560 கிலோகிராமே தாங்கும். தொழிற்சாலை 91 என்று விதித்திருந்தால் இது போதாது. தோற்றம் பெரிதாயிருந்தும் வலிமை குறைந்த டயர் அது. எனவே கனத்த கட்டமைப்புள்ள, உயர்ந்த குறி பெற்ற டயரையே கேட்டு வாங்க வேண்டும்.

ஓய்வுநாள் பந்தய வீரருக்கு

சிங்கப்பூரில் கார்ப் பந்தயத்துக்கென்று நிரந்தரத் திடல் இல்லை. பரந்த வாகன நிறுத்துமிடங்களில் கூம்புகளை நட்டு நடத்தப்படும் ஜிம்கானாப் போட்டிகள் ஒருவகை. பாலம் கடந்து, 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் திடலுக்குச் சென்று ஓட்டுவது மற்றொரு வகை. இரண்டிற்கும் டயர்த் தேவை வேறு.

ஜிம்கானாவில் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடமே. டயர் சூடேறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இலேசான வண்டிக்கு மிக அகன்ற டயர் போட்டால் அது குளிர்ந்தே கிடந்து பிடிப்பைத் தராது. எடையும் கூடிக் கிளம்பும் வேகத்தைக் குறைக்கும். இங்கே தொழிற்சாலை அளவைவிட ஒருபடி அகலமும், நல்ல மென்ரப்பரும், இலேசான ரிம்மும் போதும்.

சிப்பாங் திடலோ ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் நீளமும் பதினைந்து வளைவுகளும் உடையது. அங்கே இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் டயர் கொதிக்கும். அகன்ற டயரின் பயன் அங்கேதான் முழுமையாக வெளிப்படும். பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். சாதாரணச் சாலை டயரில் அது 300 முதல் 500 வரை. பொழுதுபோக்குப் பந்தயத்துக்கு விரும்பப்படுபவை 200 என்னும் எண்ணை ஒட்டியவை. எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, தேய்மானமும் விரைவு. பல மென்ரப்பர் டயர்களில் வரிப்பள்ளம் குறைவாகவே இருக்கும். ஆகவே அவை மழைச் சாலைக்கு ஏற்றவையல்ல.

காற்றழுத்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டயரின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு கூடும். திடலில் சூடேறிய டயர் 40 பவுண்டைத் தொடும். ஓட்டுபவர்கள் அதைக் குறைப்பதற்காகக் காற்றை இறக்கிவிடுவார்கள், அது சரியே. மாலையில் டயர் குளிர்ந்ததும் அதில் 24 பவுண்டு மட்டுமே எஞ்சியிருக்கும். அந்நிலையிலேயே இரவில் நெடுஞ்சாலையில் ஜொகூர் நோக்கிப் புறப்பட்டு, வழியில் மழையும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஹோர்னின் கணக்கே சொல்கிறது. பந்தயத்தில் நேராத விபத்து வீடு திரும்பும் வழியில் நேரலாம். திடலை விட்டுப் புறப்படுமுன் காற்றை நிரப்பிக்கொள்வது கட்டாயம்.

முடிவாகச் சில

அன்றாடம் அலுவலகத்துக்கும் சந்தைக்கும் செல்லும் வண்டிக்குத் தொழிற்சாலை விதித்த அகலமே பெரும்பாலும் சிறந்தது. அதைவிட 10 அல்லது 20 மில்லிமீட்டர் கூட்டுவதில் பெரிய தீங்கில்லை. டயரின் தரம் உயர்ந்ததாகவும் பள்ளம் ஆழமாகவும் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எரிபொருள் செலவும் சக்கரத்தின் எடையும் கூடும். பயணத்தின் மென்மை குறையும். மழையில் ஆபத்து வளரும். பந்தயமும் ஓட்ட விரும்புவோர், வசதியிருந்தால், இரண்டு தொகுதிச் சக்கரங்கள் வைத்துக்கொள்வது நல்லது: ஒன்று சாலைக்கு, மற்றொன்று திடலுக்கு. அகன்ற ரிம் வாங்கும் பணத்தில் பாதியை நல்ல டயருக்கும், எஞ்சியதில் சிறிதைக் காற்றழுத்தமானி ஒன்றுக்கும் செலவிட்டால் பயன் மிகுதி.

ஒரு காலத்தில் தேக்காவைச் சுற்றி மாட்டுத் தொழுவங்களும் வண்டிகளும் நிறைந்திருந்தன. எருமைச் சாலையின் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. பாரவண்டி கட்டுவோர் சக்கரப் பட்டையின் அகலத்தைச் சுமக்கும் பாரத்தையும் செல்லும் வழியையும் பார்த்தே முடிவு செய்தனர். சேற்று வழிக்கு ஒன்று, கெட்டித் தரைக்கு ஒன்று. இரும்புப் பட்டை போய் ரப்பர் வந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. எவ்வளவு பாரம், எந்த வேகம், எத்தகைய தரை, எவ்வளவு மழை என்னும் நான்குக்கும் விடை தெரிந்தவர் டயர்க் கடையில் ஏமாற மாட்டார்.